காலையில் கேட்ட ஒரு கேள்வி

பன்னிரண்டு வருஷம் மராத்திக்காரர்கள் ஊரில், ஹிஞ்சேவாடி ஐ.டி. பகுதியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்துவிட்டு, முப்பத்தொன்பதாவது வயதில் வைஜயந்தி மறுபடியும் மாணவியானாள். கவுன்சிலிங் சைக்காலஜியில் எம்.ஏ., இரண்டாம் வருஷம். வகுப்பில் அவளுக்கு அடுத்தபடியாக மூத்தவளுக்கே இருபத்தாறு வயதுதான். பாடமும் பரீட்சையும் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. ஆனால் பட்டம் வாங்க வேண்டுமென்றால் இருநூறு மணி நேரம் நிஜ மனிதர்களின் எதிரே உட்கார்ந்து, மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில் ஆலோசனை தர வேண்டும். அதற்காக அதே நகரத்தில் பாணேர் பகுதியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்த சின்ன ஆலோசனை மையத்துக்கு வாரத்தில் நான்கு நாள் போய்க்கொண்டிருந்தாள். நூற்று நாற்பத்தாறு மணி முடிந்திருந்தது.

மேற்பார்வையாளர் அஸாவரி குல்கர்ணி. இருபத்தைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். "அந்த இடத்தில் நீ ஏன் பேசினாய்?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே வைஜயந்தி பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் கடைசியில் சாய்கிருஷ்ணா வந்தான். இருபத்தேழு வயது. மதுரைப் பையன், ஹிஞ்சேவாடியில் வேலை. தமிழ் பேசுகிற கவுன்சிலர் இருந்தால்தான் வருவேன் என்று போனிலேயே சொல்லியிருந்தான். "இங்கிலீஷ்ல பேசினா இன்டர்வியூ குடுக்கற மாதிரி ஆயிடறேன். பொய் தானா வருது" என்றான் முதல் நாள். அவளை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்து, அவள் பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்றதும் கூச்சப்பட்டு 'மேடம்' என்று மாற்றிக்கொண்டான். பதிவுப் படிவத்தில் கம்பெனி பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தான். பயம். அவளும் வற்புறுத்தவில்லை. முதல் மூன்று வாரமும் தூக்கம் வராததைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைவதைப் பற்றிப் பேசினான். மேனேஜர் என்றுதான் சொல்வான், பெயர் சொன்னதில்லை.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வந்தபோது மழையில் பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தான்.

"எல்லாருக்கும் புரியற மாதிரித் திட்டினாக் கூடப் பரவால்ல மேடம். ஆபீஸ் ஆன்லைன் கால்ல பதினாலு பேர் இருப்போம். அவரு இங்கிலீஷ்லயே பேசிட்டு இருப்பாரு, எங்கிட்ட வரும்போது மட்டும் தமிழுக்கு மாறிடுவாரு. மத்தவங்களுக்கு அர்த்தம் தெரியாது. ஆனா அந்தக் குரல் தெரியும்ல? சிரிப்பாய்ங்க."

"என்ன சொல்வார்?"

"'சுவிட்சைப் போட்டாச்சு, பல்பு எரியலையே தம்பி'ன்னுவாரு. பேனாவை எடுத்து நெத்தியில ரெண்டு தட்டு தட்டிக்குவாரு. நானும் சிரிக்கணும்."

வைஜயந்தி குறிப்பெழுதுவதை நிறுத்தினாள். அதே வாக்கியத்தை, அதே பேனாத் தட்டலோடு, அவள் வீட்டில் கேட்டிருக்கிறாள். மகள் அம்முவின் கணக்கு நோட்டைப் பார்க்கும்போது அவள் கணவன் முகுந்த் சொல்வது அது. குழந்தையிடம் அப்படிப் பேசாதே என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். விளையாட்டுதானே என்பான்.

"உங்க மேனேஜர் பேர் என்ன, சாய்?"

"முகுந்த்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்திரண்டு. ஆலோசனைக்கு வருகிறவரின் வாழ்க்கையில் நமக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று தெரிந்தால் உடனே விலக வேண்டும், மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். முதல் வருஷமே படித்தது. எப்படி விலகுவது, எந்த வார்த்தையால் ஆரம்பிப்பது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் தொடர்ந்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேலையை விட்டு என்னைய அனுப்பிருவாங்கன்னு பேச்சு அடிபடுது. முன்னாடி அதை நினைச்சா நடுங்கும். இப்ப இல்ல மேடம். அதுக்கப்புறம் நான் எதையும் யோசிக்க வேண்டியதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன்."

நான்கு வாரத்தில் முதல்முறையாக அவன் குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் அவளைப் பயமுறுத்தியது. முகுந்த், வீடு, விலகுவது எல்லாம் அந்த நொடியில் பின்னால் போயின.

"சாய், செத்துப்போறதப் பத்தி யோசிக்கிறீங்களா?"

இந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும் என்று வகுப்பில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பயிற்சி செய்திருக்கிறார்கள். அப்போது சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியதுண்டு.

"ஆமா" என்றான். தோளிலிருந்து பையை இறக்கி வைப்பதைப் போல இருந்தது அவன் சொன்ன விதம்.

அவள் மேலும் கேட்டாள். என்ன வைத்திருக்கிறான், எங்கே, எப்போது என்று. அவன் ஒளிக்காமல் சொன்னான். அவள் எழுதவில்லை, அவன் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க சொல்றதை வெளியே சொல்ல மாட்டேன்னு முதல் நாள் சொன்னேன். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் அது பொருந்தாதுன்னும் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"உயிருக்கு ஆபத்துன்னா."

"ஆமா. இப்ப அஸாவரி மேடமை உள்ள கூப்பிடப்போறேன். உங்களுக்காக யாருக்கு போன் பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க."

போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனான். பிறகு, "விசாலாக்ஷி அக்காவுக்கு" என்றான். "ஆபீஸுக்கு மட்டும் தெரியக் கூடாது மேடம். சத்தியமா."

"எங்ககிட்டேர்ந்து தெரியாது."

அதைச் சொல்லும்போதுதான் முகுந்தின் நினைவு திரும்பி வந்தது.

அடுத்த ஒன்றரை மணி நேரமும் அஸாவரிதான் நடத்தினார். சென்னையில் இருந்த அக்காவிடம் அவன் எதிரிலேயே ஸ்பீக்கரில் பேசினார். விசாலாக்ஷி அழவில்லை. "நாளைக்கு மத்தியானம் அங்க இருப்பேன்டா, வேற ஃப்ளைட்ல சீட் இல்ல. அதுவரைக்கும் போனை எடுத்தா மட்டும் போதும்" என்றாள். வாகட் பகுதியில் அவனோடு ஒரே ஃபிளாட்டில் தங்கியிருந்த கேஷவ் ஓடி வந்தான். வீட்டில் வைத்திருந்ததை அவன் கையில் ஒப்படைக்க சாய் சம்மதித்தான். இரவு கேஷவ் கூடவே இருப்பான். மறுநாள் நாலு மணிக்கு அக்காவோடு மையத்துக்கு வர வேண்டும். மனநல மருத்துவரிடமும் நேரம் வாங்கியாயிற்று.

இருவரும் ஆட்டோவில் ஏறியதைப் பார்த்துவிட்டு வந்து, வைஜயந்தி அஸாவரியின் அறைக் கதவைச் சாத்தினாள்.

"அவன் மேனேஜர் என் கணவர்."

அஸாவரி ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவார். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னார். "இனி அவன் உன் கிளையன்ட் இல்லை. நான் எடுத்துக்கொள்கிறேன். இதை அவனுக்கு நாளை நாலு மணிக்கு, அக்கா பக்கத்தில் இருக்கும்போது சொல்கிறோம். இன்றைக்கு அவனால் இதையும் சேர்த்துத் தாங்க முடியாது. நீ வீட்டுக்குப் போ. வீட்டில் ஒரு சொல் வரக் கூடாது. முகத்தில்கூட வரக் கூடாது."

"முடியுமான்னு தெரியலை."

"இந்தத் தொழிலே அதுதான், வைஜயந்தி."

வாகட்டில் அவர்கள் வீடு பதினொன்றாம் மாடியில். அன்று இரவு முகுந்த் அம்முவோடு கேரம் விளையாடினான், தோற்றுப்போனதாக நடித்தான். வைஜயந்தி தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும்போது காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ராத்திரி ஷிஃப்டில் அவளுக்காக டீ வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவன். அவன் இன்னொருவனை இப்படி நசுக்கக் கூடியவன் என்று ஒரு பக்கம் நம்ப முடியவில்லை. இன்னொரு பக்கம், உடனே நம்ப முடிந்தது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

புதன்கிழமை காலை அம்முவின் ஸ்கூல் பஸ் போனபிறகு, முகுந்த் மேஜையில் தோசைக்கு உட்கார்ந்தான். ஏழே முக்கால்.

"இன்னிக்குப் பதினொன்றரைக்கு ஒரு அசிங்கமான வேலை இருக்கு" என்றான்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பியபடியே, "என்ன?" என்றாள்.

"டீம்ல ஒருத்தனை அனுப்பணும். மேலேர்ந்து மூணு பேரை அனுப்பச் சொன்னாங்க. சண்டை போட்டு ஒருத்தனாக் குறைச்சேன். வெள்ளிக்கிழமைதான் சொல்றதா இருந்துச்சு. ஹெச்.ஆர். பொண்ணு லீவுல போறாளாம், இன்னிக்கே முடிச்சுரலாம்னுட்டாங்க. நம்ம தமிழ்ப் பையன்தான், மதுரைக்காரன். பாவமாத்தான் இருக்கு. ஆனா ஆறு மாசமாச் சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு."

வைஜயந்தியின் தலைக்குள் நேரங்கள் ஓடின. கேஷவ் ஒன்பதுக்குள் ஆபீஸ் கிளம்பிவிடுவான். விசாலாக்ஷியின் விமானம் பன்னிரண்டு பத்துக்கு இறங்குகிறது. நடுவில் பதினொன்றரை. ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் சாய் அந்த ஃபிளாட்டில் தனியாக, லேப்டாப்புக்கு முன்னால்.

"அதைத் தள்ளி வைக்க முடியாதா? ரெண்டு நாள்?"

வாயை விட்டு வெளியே வந்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

முகுந்த் தலையைத் தூக்கினான். "ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"என் ஆபீஸ்ல எத்தனையோ பேரை அனுப்பியிருக்கோம். நீ ஒருத்தனைப் பத்திக்கூட இப்படிக் கேட்டதில்லையே." தோசைத் துண்டு கையிலேயே நின்றது. "வைஜி, அவன் உங்கிட்ட வர்றானா?"

"யார் வர்றாங்க, வரலைன்னு நான் சொல்ல முடியாது. உனக்கே தெரியும்."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருப்பே."

அவள் அடுப்பை அணைத்தாள். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

"என்னைப் பத்தி என்ன சொன்னான்?" என்றான் முகுந்த்.

கேட்பதற்கு எத்தனையோ இருக்க, அவன் முதலில் கேட்டது அதுதான். அவன் எழுந்து கை கழுவினான். லேப்டாப் பையைத் தோளில் மாட்டினான்.

"இப்பத் தள்ளி வெச்சா காரணம் கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? என் பெண்டாட்டி கேட்டுக்கிட்டாள்னா?"

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டதும் அவள் அஸாவரிக்கு போன் செய்தாள். நடந்ததை முழுவதும், தன் கேள்வியையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஏன் கேட்டாய்?" என்றார் அஸாவரி. பிறகு, "சரி, அதைப் பிறகு பேசுவோம். நேற்று ஒருவன் ஆபத்தில் இருந்தான். இன்று ஒன்பது மணிக்குமேல் அவன் தனியாக இருப்பான், அதை நேற்றே நான் யோசித்திருக்க வேண்டும். அவனை முன்னாலேயே வரச் சொல்ல அந்த ஒரு காரணம் போதும். உன் கணவர் சொன்னதை நான் அவனிடம் சொல்ல முடியாது. நீ கிளம்பி வா."

ஸ்கூட்டரை வெளியே எடுக்கும்போது எட்டே முக்கால். வாகட் மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் நகரவே இல்லை. கம்பெனி வண்டிகளும் லாரிகளும் மழைத் தண்ணீரில் ஒன்றையொன்று முட்டாத குறையாக நின்றன. போன் அதிர்ந்தது. ஓரமாக ஒதுங்கி எடுத்தாள்.

"மூன்று தடவை அடித்துவிட்டேன். அவன் எடுக்கவில்லை" என்றார் அஸாவரி. "கேஷவ் கிளம்பிப் பத்து நிமிஷமாகிறது. ஹிஞ்சேவாடி வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கிளம்பும்போது சாய் குளியலறையில் இருந்தானாம்."

வைஜயந்தி நின்ற இடத்திலிருந்து சாய் தங்கியிருந்த கட்டடம் தெரிந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த மூன்று அடுக்குமாடிகள். படிவத்தில் முகவரி படித்த நினைவு இருந்தது. பி விங், ஏழாம் மாடி. சாலைக்கு எதிர்ப்பக்கம் திரும்பினால் ஐந்தே நிமிஷம்.

"நான் இங்கதான் பக்கத்துல இருக்கேன். போய்ப் பாக்கறேன்."

"போகாதே. போனால் நீ கவுன்சிலராகப் போகவில்லை, முகுந்தின் மனைவியாகப் போகிறாய். அது அவனுக்கு இன்னும் தெரியாது. குடியிருப்பின் வாசல் காவலுக்கு போன் செய்திருக்கிறேன், காவலாளி மேலே போய்க்கொண்டிருக்கிறார். தேவைப்பட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நில்."

அவள் நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதன் உள்ளே தன் மூச்சு தனக்கே சத்தமாகக் கேட்டது. ஏழாம் மாடி ஜன்னல்களை எண்ண முயன்று தப்புத் தப்பாக எண்ணினாள். பின்னால் நின்ற டெம்போக்காரர் மராத்தியில் ஏதோ கத்தினார், வழியை விடச் சொல்லியிருப்பார். வண்டியை இன்னும் ஓரமாகத் தள்ளினாள். காவலாளி கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். திறக்காவிட்டால் உடைக்க வேண்டுமே, யார் உடைப்பார்கள், லிஃப்ட் வேலை செய்கிறதோ என்னவோ. சிக்னல் மூன்று தடவை பச்சையாகிச் சிவப்பானது. போன் வரவில்லை.

ஒன்பது நிமிஷம் ஆயிற்று என்று பிறகு போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"கதவைத் திறந்தான்" என்றார் அஸாவரி. "தலையில் சோப்போடு நின்றானாம். போன் வேறு அறையில் சார்ஜில் இருந்திருக்கிறது. என்னோடு பேசினான். பத்தரைக்கு வருகிறேன் என்றான். வாசலிலிருந்து ஆட்டோ ஏற்றி அனுப்பக் காவலாளியிடம் சொல்லிவிட்டேன்."

அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மையத்துக்கு வண்டியைக் கிளப்பினாள்.

பத்தே முக்காலுக்கு மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். சாய்கிருஷ்ணா லேப்டாப் பையோடு வந்திருந்தான், பதினொரு மணிக்குமேல் லாக்-இன் செய்ய வேண்டும் என்றான். அஸாவரி அவனிடம் ஹிந்தியில் மெதுவாக ஆரம்பித்தார். அக்கா வந்தபிறகு சொல்ல நினைத்த ஒன்றை இப்போதே சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்டுவிட்டு அவன் என்ன சொன்னாலும் சரி, கோபப்பட்டாலும் சரி என்றார். பிறகு வைஜயந்தியைப் பார்த்தார்.

"சாய், நேத்து நீங்க உங்க மேனேஜர் பேர் சொன்னீங்க. அவர் என் கணவர். நீங்க சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."

அவன் சிரித்தான். ஆபீஸ் காலில் பதினாலு பேர் முன்னால் சிரிப்பதாகச் சொன்ன அதே சிரிப்பாக இருக்க வேண்டும். பிறகு அது போய்விட்டது.

"அப்ப நான் சொன்னதெல்லாம்?"

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட நான் அவர்கிட்டச் சொல்லலை." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அஸாவரியும் அதற்குமேல் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவன் அவள் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். "ஆனா இன்னிக்குக் காலைல, வீட்டுல, நான் கேக்கக் கூடாத ஒரு கேள்வியக் கேட்டுட்டேன். உங்க பேர் சொல்லலை. நீங்க இங்க வர்றீங்கன்னு அவர் அதுலேர்ந்து ஊகிச்சுட்டார்னு நினைக்கிறேன். தப்பு என்னுது."

"ஆபீஸுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"சத்தியமான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

அவன் எழுந்துவிட்டான். பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனான். அஸாவரி இருக்கையை விட்டு நகரவில்லை. வைஜயந்தியும் எழவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி அவன் நின்றான். "அக்கா எப்ப வரும்?" என்று அஸாவரியைக் கேட்டான்.

"விமானத்தில் இருக்கிறாள். ஒரு மணிக்குள் இங்கே இருப்பாள்."

அவன் திரும்பி வந்து, வைஜயந்திக்கு எதிரே இல்லாமல், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். லேப்டாப்பைத் திறந்தான். பிறகு அவன் திரையை அஸாவரி பக்கம் திருப்பினான். பதினொன்றரைக்கு மீட்டிங். அழைப்பில் இரண்டு பெயர்கள்: முகுந்த், ஹெச்.ஆர்.

"வெள்ளிக்கிழமைன்னு இல்ல நினைச்சேன்" என்றான். வைஜயந்தியைப் பார்த்து, "இதான் அந்தக் கேள்வியா?" என்றான்.

அவள் பேசவில்லை. இந்த முறை பேசாமல் இருக்க முடிந்தது.

"இந்த மீட்டிங் காலை நீ எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை" என்றார் அஸாவரி. "உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். எடுப்பதானால் இங்கேயே எடுக்கலாம். கேமராவில் தெரியாமல் நான் பக்கத்தில் இருப்பேன்."

"எடுத்துடறேன். இன்னும் ரெண்டு நாள் இதை வெச்சிட்டு என்னால இருக்க முடியாது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆனா அவங்க வெளிய போகணும்."

வைஜயந்தி எழுந்தாள். கதவுக்கு வெளியே நின்றால் கணவனின் குரல் கேட்கும் என்று தோன்றியது. படியிறங்கிக் கீழே போனாள். பல் மருத்துவமனையின் வராந்தாவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே பல் ராவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று முப்பத்தாறு. நாற்பத்தொன்று. நாற்பத்தைந்து. மேலேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது மாடிப்படியில் காலடி கேட்டது. அஸாவரியும் சாய்கிருஷ்ணாவும் எதிரே இருந்த கடைக்கு ஏதாவது சாப்பிட இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சாயின் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் சாதாரணமாகத்தான் நடந்தான். அவளைத் தாண்டும்போது நின்றான்.

"வேலை போச்சு மேடம். கேமராவையே போடல அவரு. ஒரு வருஷமா எல்லா கால்லயும் என்னைய கேமரா போடு, கேமரா போடும்பாரு."

அவள் எழுந்து நின்றாள்.

"நீங்க கேட்ட கேள்விய எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா."

"சொன்னதுக்கு நன்றி சொல்லணுமா, திட்டணுமான்னு தெரியல" என்றான். "இப்போதைக்குத் திட்டணும்னுதான் தோணுது."

"திட்டலாம்."

அவன் திட்டவில்லை, அஸாவரியோடு போய்விட்டான். ஒரு மணிக்கு டாக்ஸியிலிருந்து ஒரு பெண், கைப்பை மட்டும் தோளில், இறங்கி ஓடிவந்தாள். அவள் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள், போகும்வரை விடவேயில்லை. அன்று மாலை மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு இருவரும் கேஷவின் ஃபிளாட்டுக்குப் போனார்கள். வைஜயந்திக்கு முழுதாகத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனுடைய கோப்பு அஸாவரியின் அலமாரிக்குப் போய்விட்டது.

வீட்டில் முகுந்த் அன்று சீக்கிரம் வந்திருந்தான். அம்மு கீழே விளையாடப் போனதும் கேட்டான்.

"அவன் ஏதாவது பண்ணிக்கறேன்னு சொன்னானா? அதை மட்டும் சொல்லு."

அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் நிறுத்தியிருப்பேன், வைஜி. நான் அவ்வளவு மோசமானவன் இல்ல."

"தள்ளி வைக்க முடியுமான்னு கேட்டேன்."

"காரணம் சொல்லலையே!"

"காரணம் சொன்னாத்தான் முடியுமா?"

முகுந்த் சோஃபாவில் போய் உட்கார்ந்து டிவியைப் போட்டான். சத்தத்தை வைக்க மறந்துவிட்டான்.

கல்லூரிக்கு அஸாவரி ஒரு பக்க அறிக்கை அனுப்பினார். அனுப்புமுன் வைஜயந்தியிடம் படிக்கக் கொடுத்தார். அதில் அவள் சாயிடம் நேரடியாகக் கேட்ட கேள்வியால் ஆபத்து வெளியே வந்தது என்றும் இருந்தது, வீட்டில் ரகசியத்தைக் காக்கத் தவறினாள் என்றும் இருந்தது. கல்லூரிக் குழு அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. அந்தப் பருவத்தில் முடித்த நாற்பது மணி நேரம் ரத்தானது. பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. வகுப்புத் தோழிகள் அநியாயம் என்றார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

"ஒரு உயிரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்ளாதே" என்றார் அஸாவரி, கையெழுத்திடும்போது. "ஒரு உயிரைக் கெடுத்ததாகவும் நினைக்காதே. இரண்டுமே உன்னைப் பெரிதாக்கிக்கொள்வதுதான். அக்காவைக் கூப்பிடச் சொன்னது அவன். கதவைத் திறந்தது அவன்." பிறகு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக, அவளுக்கும் ஒரு கப் டீ ஊற்றினார். "அந்தக் கேள்வியை இப்போது கேட்கிறேன். ஏன் கேட்டாய்?"

வைஜயந்தி கப்பைக் கையில் எடுத்தாள். "அவனுக்காகன்னு நினைச்சேன். ஆனா முகுந்த் நல்லவனா இருந்துடணும்னு எனக்கு இருந்துச்சு. 'சரி, தள்ளி வெச்சுடறேன்'னு சொல்லிடுவான்னு எதிர்பார்த்தேன்."

அஸாவரி தலையசைத்தார். "அதை எழுதி வை" என்றார்.

மழைக்காலம் முடிந்தது. மையத்தின் பதிவேட்டில் பெயர்கள் இருக்காது, எண்கள்தான். வியாழன் ஐந்து மணிக்கு எதிரே ஒரு எண்ணும், அதன் பக்கத்தில் அஸாவரியின் சின்னக் கையெழுத்தும் வாராவாரம் விழுந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் வைஜயந்தி மையத்தில் இருப்பதில்லை, அப்படித்தான் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பக்கத்தைப் புரட்டும்போது கண்ணில் படும். அது சாயின் கோப்பு எண், அவளுக்கு மனப்பாடம்.

முகுந்த் மாறிவிட்டான் என்று சொல்ல முடியாது. ஆபீஸ் காலில் அவன் பேசுவது கேட்கும்போது அவள் வேறு அறைக்குப் போய்விடுவாள். ஆனால் தீபாவளி லீவுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, காபி ஆறிக்கொண்டிருக்க, தலையைக் குனிந்தபடி அவன் சொன்னான்.

"முந்தாநேத்து டீம்ல எல்லாரும் பழைய ஆட்களைப் பத்திப் பேசினாங்க. அந்த மதுரைப் பையன் என்ன ஆனான்னு யாருக்கும் தெரியலை. நம்பரை மாத்திட்டானாம். ஆன்லைன்லயும் எங்கயும் இல்ல." காபியைத் தள்ளி வைத்துவிட்டு, "இருக்கானா, வைஜி? வேற ஒண்ணும் வேணாம். எங்க இருக்கான், என்ன பண்றான் எதுவும் வேணாம்."

வியாழன் ஐந்து மணியின் எண் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. மூன்று மாதமாக அவன் சரியாகத் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு 'ம்' போதும், அவன் தூங்கிவிடுவான்.

"என்னால சொல்ல முடியாது" என்றாள்.

"வாயைத் திறக்க வேணாம். தலையை மட்டும் ஆட்டு."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்வையை விலக்கவில்லை, எதிரே அமர்ந்திருந்தாள். தலையை அசைக்கவில்லை.